காலால் பிறந்தவரும் என் கட்டைவிரலும்

பிசியோதெரபி அம்மா தினமும் அரைப்பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். பேனா பிடித்து எழுதினால் கட்டைவிரலுக்குப் பழைய வலு திரும்புமாம். "என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம். சாமி பேரு எழுதுங்க, சினிமாப் பாட்டு எழுதுங்க, விரல் அசைஞ்சாச் சரி" என்றார். சாமி பேரை எழுதலாம் என்றுதான் என் மகளின் பழைய நோட்டை விரித்தேன். கை தானாக வீரணன் என்று எழுதியது. எங்கள் பக்கம் அந்தப் பேரில் சாமியும் உண்டு. நான் எழுதியது சாமியை அல்ல.

நான் மாடு கறக்கிறவன். பேர் செல்லப்பாண்டி. அலங்காநல்லூரை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. விடியுமுன்னே எக்செல் வண்டியை எடுத்தால் வீடு வீடாகப் போய்க் கறந்து கொடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் ஒரு சுற்று. வீரணன் அண்ணன் வீட்டில்தான் மாடு அதிகம். பதினொன்று. அதில் செவலை என்ற கலப்பினப் பசு ஒன்றே மூன்று மாட்டுக்குச் சமம்.

எப்படிக் கறப்போம் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான். எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் காம்பை உள்ளங்கையால் முழுசாகப் பிடித்துப் பிழிவதில்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கி, அந்த முட்டிக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் காம்பை வைத்து அழுத்தி இழுப்போம். பால் பீச்சாங்குழலில் வருவது போல வரும், வேலை சீக்கிரம் முடியும். காம்புக்குக் கெடுதல் என்று கால்நடை டாக்டர் வருடா வருடம் முகாமில் சொல்வார். நாங்களும் வருடா வருடம் தலையாட்டுவோம். கறக்கிறவன் கைக்கும் கெடுதல் என்று அவருக்கே தெரியாதோ என்னவோ.

போன மார்கழியில் ஆரம்பித்தது. வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, ஊசி வைத்துக் குத்தினாற்போல ஒரு வலி. குளிர் என்று நினைத்தேன். பிறகு துண்டைப் பிழிய முடியவில்லை. வண்டிச் சாவியைத் திருக முடியவில்லை. தை பிறந்தபோது அந்த இடத்தில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். விரலை அசைத்தால் உள்ளே ஏதோ நறநறவென்று உரசியது. மாட்டைக் கறக்க உட்கார்ந்தால் முதல் பாதி எப்படியோ ஓடிவிடும். கடைசிப் பாலை ஒட்டக் கறக்கும்போதுதான் கண்ணில் தண்ணீர் வரும்.

ஒருநாள் வீரணன் அண்ணனிடம் உள்ளதைச் சொன்னேன். "அண்ணே, மடியில பாலு நிக்குதுண்ணே. ஒட்டக் கறக்க முடியல. கை விட்டுப்போச்சு." இந்த வார்த்தைகளை வாசிக்கிறவர்கள் மறக்க வேண்டாம். பின்னால் வேலை இருக்கிறது.

அவர் சிரித்தார். "சுளுக்குடா. உக்காரு, எடுத்துவிடுறேன்."

வீரணன் அண்ணன் தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர். காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு ஓடிவிடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இடுப்புப் பிடிப்பு, கழுத்துச் சுளுக்கு எல்லாவற்றுக்கும் அவர் வாசலில்தான் ஆள் நிற்கும். காசு வாங்க மாட்டார். வாங்கியிருந்தால்கூடத் தேவலை. சும்மா செய்கிற வைத்தியத்துக்கு வரும் அகந்தை காசு வாங்கிச் செய்கிறவனுக்கு வராது.

தொழுவத்துத் தரையில் குந்தி, வலது கையைச் சாக்கின் மேல் நீட்டினேன். அவர் குதிகாலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, என் மணிக்கட்டில் வைத்து முழங்கைப் பக்கமாக ஒரே வழி வழித்தார். எனக்கு உயிர் உச்சந்தலைக்கு வந்துவிட்டது. "கத்தாத, ஓடிருச்சு பாரு" என்றார். இப்படி மூன்று நாள் காலை. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். சுளுக்கு ஓடவில்லை. வீக்கம்தான் புளியங்கொட்டையிலிருந்து கொட்டைப்பாக்காக வளர்ந்தது. இதில் என் முட்டாள்தனமும் உண்டு, மறைக்கவில்லை. என்னை யாரும் கையைக் கட்டி உட்கார வைக்கவில்லை. நானேதான் போய்ப் போய்க் கையை நீட்டினேன்.

மாசி மாதம் ஒரு காலையில் பால் சொசைட்டியில் அளவு குறைந்தது. அங்கே கேன் வைத்துக்கொண்டு முப்பது பேர் நிற்பார்கள். செயலாளர் என்ன குறைச்சல் என்று கேட்டார். வீரணன் அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"கை வலியாம். எங்காலு பட்டு ஆறாத சுளுக்கு இந்த ஊர்ல உண்டா? எங்காலுக்கு ஆறலைன்னா அது வலியே இல்ல. நடிப்பு. பாலை மடியிலயே விட்டுட்டுப் போறான். நான் தோட்டத்துக்குப் போனதும் வந்து கறந்து எங்கயோ ஊத்துறான்."

முப்பது பேரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்களில் பாதிப் பேரை அவர் கால் மிதித்திருக்கிறது. அந்தக் காலைச் சந்தேகப்படுவதைவிட என்னைச் சந்தேகப்படுவது அவர்களுக்குச் சுலபம். அந்த வாரத்திலேயே என் மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக வேறு ஆள் பார்த்துக்கொண்டன. கையும் போய், பேரும் போனது. கை போனது எனக்கு இரண்டாம்பட்சம். திருடன் என்ற பேரை அவர் வாயாலேயே அழிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

என் மனைவி பேச்சியம்மாள்தான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பஸ்ஸில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையைக் குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். எலும்புப் பிரிவு வாசலில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிற கூட்டத்தைப் பார்த்தால் மனிதனுக்கு எத்தனை மூட்டு இருக்கிறது என்பது விளங்கிவிடும். பத்து மணிக்கு உட்கார்ந்தவர்களை ஒன்றரை மணிக்குக் கூப்பிட்டார்கள். அதுவரைக்கும் நான் வீரணனை மனசுக்குள் ஏழு விதமாகக் கொன்று முடித்திருந்தேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். படம் எடுக்கச் சொல்லுமுன் ஒரு சோதனை செய்தார். "கட்டைவிரலை உள்ள மடக்குங்க. மத்த விரலை அது மேல மூடுங்க. இப்ப கையைச் சுண்டுவிரல் பக்கமாச் சாய்ங்க."

மடக்கினேன். மூடினேன். பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக நான் காம்பைப் பிடிக்கிற அதே பிடி. சாய்த்தேன். போட்ட கூச்சலில் வெளியே வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்றார் டாக்டர். இடது கையால் கறந்து காட்டினேன். "நோயைக் கண்டுபிடிக்க நாங்க ஒரு தடவை செய்யச் சொல்றதை, நீங்க தினம் ஆயிரம் தடவை செஞ்சிருக்கீங்க" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். கட்டைவிரலைத் தூக்குவதற்கு இரண்டு தசைநார்கள் இருக்கின்றன. நார் என்றால் கயிறு மாதிரி. மணிக்கட்டு ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் போன்ற உறைக்குள் நுழைந்து அவை விரலுக்குப் போகின்றன. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் கயிறு உரசி உரசி உறை வீங்கிவிடும். உறை வீங்கினால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் இன்னும் உரசும். இது எலும்பு முறிவல்ல, சுளுக்கும் அல்ல. வேலையால் வருகிற தேய்மானம். கம்ப்யூட்டரில் தட்டுகிறவர்களுக்கும், துணி வெட்டுகிறவர்களுக்கும், கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கிற தாய்மாருக்கும்கூட இந்த மாதிரி மணிக்கட்டுக் கோளாறுகள் வருமாம். முதல் மருந்து ஓய்வு. தேய்த்துவிடக் கூடாது, உருவிவிடக் கூடாது.

"மிதிக்கலாமா சார்?" என்று கேட்டேன்.

"எதை?"

"மணிக்கட்டை. காலால."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேச்சியம்மாள் முழுக் கதையையும் சொன்னாள். வீங்கின உறையை மிதித்து மிதித்துப் புண்ணாக்கியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சந்தோஷம். என் பழி இனி வெறும் கோபமில்லை, ஆஸ்பத்திரிச் சீட்டோடு கூடிய கோபம்.

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையவிடாமல் பிடித்துக்கொள்கிற பட்டை ஒன்று எழுதிக்கொடுத்தார். வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. ஸ்கேனும் வெளியில். அதற்காகப் பேச்சியம்மாள் எங்கள் வெள்ளாட்டுக் கிடாவை விற்றாள். "நேந்துவிட்ட கெடா இல்லைல, சாமி கோவிக்காது" என்று அவளே சமாதானமும் சொல்லிக்கொண்டாள். மூன்று வாரம் பட்டை, மாத்திரை, ஐஸ் ஒத்தடம். பிறகு வீக்கத்தை வற்ற வைக்க உறைக்குள் ஒரு ஊசி. அதன் வலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் நன்றாக இருந்தது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. "உறையைக் கீறி இடம் பண்ணிவிட்டாத்தான் சரியாகும். சின்ன ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். சின்ன ஆபரேஷன் என்பது மற்றவன் உடம்பில் நடக்கிற ஆபரேஷன்.

மூன்று நாள் வார்டில் இருந்தேன். ரத்தம், சர்க்கரை, நெஞ்சுப் படம் எல்லாம் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பரோட்டா மாஸ்டர். அவருக்கும் மணிக்கட்டு. மாவைப் பிசைந்து, வீசி, கொத்திக் கொத்திப் போனது. அவர் முதலாளியும் நம்பவில்லையாம்.

"எங்க ஓனரு என்ன சொன்னாரு தெரியுமாண்ணே? 'மாவு பெசையுறது கையி இல்லப்பா, மனசு'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

"அப்ப உங்க மனசைக் கொண்டாந்து அண்டாவுல போடுங்கன்னேன்."

அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு கையிலும் கட்டு. அவர் மனைவி ஊரில் கைக்குழந்தையோடு இருந்தாள். பேச்சியம்மாள்தான் எனக்கு ஒரு உருண்டை, அவருக்கு ஒரு உருண்டை என்று சோற்றை உருட்டி ஊட்டினாள். நாங்கள் இருவரும் குஞ்சுகள் போல வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவள் எனக்கு ஊட்டியது அதுதான் முதல் தடவை. ஆபரேஷன் பயத்தில் அரைச்சோற்றில் போதும் என்றேன். "நடிக்காம சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் ஒரு போன் வந்தது. தங்கராசு. எனக்குப் பதிலாக வீரணன் வீட்டில் கறக்கச் சேர்ந்தவன், அடுத்த ஊர்க்காரன், நல்ல மனுஷன்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீக. இந்தச் செவலை எக்குதுண்ணே. காலைப் புடிச்சாலும் தவிட்டை வச்சாலும் பாலை மேல ஏத்திக்கிருது. நீங்க எப்படிண்ணே கறந்தீக?"

செவலைக்கு வலது கண்ணில் லேசாகப் பூ விழுந்திருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எல்லா மாட்டுக்கும் நாங்கள் வலப்பக்கம் உட்காருவோம். அந்தப் பக்கம் ஆள் நிழல் அசைந்தால் செவலை மிரளும். மிரண்ட மாடு பாலை விடாது. அதற்கு மட்டும் இடப்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு வருடமாக நான் அப்படித்தான் உட்கார்ந்தேன். இதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்று போனை வைத்தேன்.

வைத்ததும் அப்படி ஒரு இன்பம். மறுநாள் மேஜையில் படுத்திருந்தபோதும் அது இருந்தது. கையை மட்டும்தான் மரக்க வைத்தார்கள், நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாரோ என் கையை வாங்கிக்கொண்டு போய்விட்டது போல இருந்தது. கத்தி பட்டது தெரியவில்லை, இழுப்பது மட்டும் தெரிந்தது. "விரலை ஆட்டுங்க" என்றார் டாக்டர். ஆட்டினேன். உரசல் இல்லை. எண்ணெய் போட்ட கிணற்று உருளை போல வழுக்கிக்கொண்டு போனது. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நர்ஸம்மா நெற்றியைத் துடைத்துவிட்டு, "வலிக்குதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். கட்டைவிரலின் பின்பக்கத்தில் கொஞ்சம் மரமரப்பு இன்னும் இருக்கிறது. தோல் நரம்பு அசதி, மெல்ல மெல்லச் சரியாகும் என்றார்கள். குளிக்கும்போது கைக்கட்டின் மேல் தண்ணீர் படாமல் பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் போட்டுவிட்டதும், சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டதும் என் மகள். காலேஜுக்கு நேரமாகிவிட்டால் மேல் பொத்தானை மட்டும் மாட்டிவிட்டு ஓடிவிடுவாள். நான் அப்படியே தெருவில் நிற்பேன்.

ஊர்ச் செய்தி பேச்சியம்மாள் வழியாக வந்துகொண்டிருந்தது. தங்கராசு நின்றுவிட்டான். அடுத்து வந்தவனைச் செவலை உதைத்துவிட்டது. வீரணன் அண்ணனே உட்கார்ந்து கறக்கிறாராம். எனக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டது போல இருந்தது. அடுத்த வாரம் வந்த செய்தி வேறு மாதிரி. பால் தங்கித் தங்கிச் செவலைக்கு மடி வீங்கிக் கல்லாகிவிட்டது. கால்நடை டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனார். அது படுக்க முடியாமல் நின்றுகொண்டே கத்துகிறதாம்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் குறி வைத்தது வீரணனை. அடி பட்டது வாயில்லாத ஜீவனுக்கு. எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்பது நாள் ஓட்டினேன். இதை எழுதும்போதுதான் கட்டைவிரல் வலிக்கிறது.

பத்தாம் நாள் காலை அவரே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். வலது கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். அந்தப் பிடியை எனக்குத் தெரியும்.

"வாங்கண்ணே. உக்காருங்க."

உட்கார்ந்தார். வாசலில் மேய்ந்த எங்கள் கோழிகளைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மடியில பாலு நிக்குதுடா. ஒட்டக் கறக்க முடியல. கை விட்டுப்போச்சு."

அட்சரம் பிசகாமல் அதே வார்த்தைகள். நான் சொல்லி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது.

"சுளுக்கா இருக்கும்ணே. மிதிச்சுக்கிரலாம்ல?"

"எங்கைய நானே எப்புடிடா மிதிக்க?"

"ஏன், உங்க காலு உங்களுக்கு எட்டலையா?"

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "சரி, காட்டுங்க" என்றேன். "கட்டைவிரலை உள்ள மடக்குங்க. மத்த விரலை மூடுங்க. இப்ப சுண்டுவிரல் பக்கம் சாய்ங்க." அவர் தயங்கித் தயங்கிச் சாய்த்தார். போதாது என்று நானே என் இடது கையால் கொஞ்சம் சாய்த்துவிட்டேன். அவர் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. அடுப்படியிலிருந்து பேச்சியம்மாள் ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. அண்ணன் நடிச்சுக் காட்டுறாரு."

அவருக்கும் என் வியாதியேதான். எந்த டாக்டர், எந்தக் கிழமை, எந்த வாசலில் சீட்டு வாங்குவது எல்லாம் சொன்னேன். ஊசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. பிறகு என் பழைய பட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இதைக் கட்டணும்னா மொதல்ல செயலாளருக்குப் போனைப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

அவர் என்னைப் பார்த்தார். பேச்சியம்மாளைப் பார்த்தார். இடது கையால் தடவித் தடவிப் போட்டார். அந்தப் பக்கம் கேன்கள் உருளும் சத்தமும் ஆட்கள் பேச்சும் கேட்டன. பால் ஊற்றுகிற நேரம். முப்பது பேரும் அங்கேதான் இருந்திருப்பார்கள்.

"செயலாளரே, நான் வீரணன். இந்தச் செல்லப்பாண்டி பாலைத் திருடல. கை வலிதான். எனக்கும் வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "எங்காலுக்குக் கேக்கல" என்றார்.

போனை வைத்ததும் பட்டையை அவர் கையில் சுற்ற ஆரம்பித்தேன். சுற்றிக்கொண்டே சொன்னேன். "செவலைக்கு வலது கண்ணுல பூ விழுந்திருக்குண்ணே. அந்தப் பக்கம் உக்காந்தா மெரளும். எடது பக்கம் உக்காரணும். இன்னிக்குச் சாயங்காலம் நானே வாரேன், எடது கையால எம்புட்டு முடியுமோ கறக்குறேன்."

அவர் கை என் கையில் ஆடாமல் நின்றது. "ரெண்டு வருசமாத் தெரியுமா ஒனக்கு? தங்கராசு போன் பண்ணிக் கேட்டானேடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாட்டுக்கும் வந்திருக்காது, எனக்கும் வந்திருக்காதேடா."

"அப்ப நான் ஆஸ்பத்திரியில நடிச்சுக்கிட்டு இருந்தேண்ணே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பட்டையின் கடைசி நுனியை இன்னொரு இழு இழுத்து ஒட்டினேன்.